புதுக் கிளட்ச் பழகும் நாள்கள்

வண்டியும் வழியும்



சென்ற திங்கள் டயர்களின் காற்றழுத்தம் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் இருவர், செம்பூரிலிருந்து ஒருவரும் சயான் கோலிவாடாவிலிருந்து மற்றொருவரும், ஏறத்தாழ ஒரே கேள்வியை எழுதிக் கேட்டுள்ளனர். "காருக்குப் புதிய கிளட்ச் போட்டிருக்கிறேன். கொஞ்ச நாள் பதமாக ஓட்டுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். எத்தனை நாள், எப்படிப் பதமாக, ஏன் என்று கேட்டதற்குத் தெளிவான விடை இல்லை" என்பதே இரு மடல்களின் சாரம்.

கோடை விடுமுறை நெருங்குகிறது. நம்மவர் பலர் குடும்பத்துடன் காரிலேயே ஊருக்குப் புறப்படும் காலம். புறப்படுமுன் வண்டியைப் பட்டறையில் விட்டு, தேய்ந்தவற்றை மாற்றிக்கொள்வது வழக்கம். ஆதலின் இக்கேள்வி அவ்விருவருக்கு மட்டும் உரியதன்று; நம் சங்கத்தில் வண்டி வைத்திருப்போர் அனைவருக்கும், வண்டியோட்டிப் பிழைப்போருக்குத் தனிச் சிறப்பாகவும், உரியது.

கிளட்ச் எதற்கு?

நான் இரயில்வேயில் எழுத்தன். சரக்குச் சீட்டும் பேரேடும் என் தொழில். இஞ்சினைக் கழற்றிப் பூட்டுபவனல்லன். ஆயினும் நாள்தோறும் இஞ்சின்களின் நடுவே போய் வருபவனுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆயிரக்கணக்கான டன் எடையை இழுக்கும் இரயில் இஞ்சினுக்குக் காரில் உள்ளது போன்ற கிளட்ச் இல்லையே, நாலைந்து பேர் அமரும் காருக்கு மட்டும் அஃது ஏன்?

விடை எளிது. நீராவி இஞ்சின், நின்ற நிலையிலேயே முழு வலிமையுடன் தள்ளவல்லது. கொதிகலனில் அழுத்தம் காத்துக்கொண்டிருக்கும். வால்வைத் திறந்தால் பிஸ்டன் நகரும். மின்சார இஞ்சினும் அவ்வாறே. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே இழுக்கும். நம் டீசல் இஞ்சின்களிலோ, டீசல் எந்திரம் மின்சாரத்தை ஆக்குகிறது. சக்கரத்தைச் சுழற்றுவது மின் மோட்டாரே. இன்று தெருவில் ஓடும் மின்சாரக் கார்களுக்கும் இக்காரணத்தாலேயே கிளட்ச் தேவைப்படவில்லை.

பெட்ரோல், டீசல் கார் எந்திரத்தின் இயல்பு வேறு. அது நின்றுவிட்டால் அதற்கு வலிமையே இல்லை. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றாவது சுழன்றுகொண்டிருந்தால்தான் அதனிடம் வேலை வாங்க முடியும். சக்கரமோ நின்றுகொண்டிருக்கிறது. சுழல்வதையும் நிற்பதையும் திடீரெனச் சேர்த்தால் எந்திரம் அணைந்துவிடும். இரண்டையும் மெல்ல மெல்ல இணக்கி ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் தூதனே கிளட்ச்.

அதன் அமைப்பும் எளியதே. எந்திரத்தின் பின்புறம் பிளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம். அதன் முகத்தோடு ஒட்டி நிற்பது கிளட்ச் பிளேட் என்னும் தட்டு. அதன் இருபுறமும் உராய்வுப் பொருள் ரிவெட் அடித்து ஒட்டப்பட்டிருக்கும். அத்தட்டின் நடுத்துளை கியர் பாக்ஸின் தண்டோடு பல் பொருந்தியிருக்கும். தட்டைப் பின்னாலிருந்து பிளைவீலோடு நெருக்குவது பிரஷர் பிளேட். அதற்கு வலிமை தருவது வில். நாம் பெடலை மிதிக்கையில் ரிலீஸ் பேரிங் சென்று வில்லை அழுத்த, நெருக்கம் தளர்ந்து தட்டு விடுபடுகிறது. காலை எடுக்கையில் மீண்டும் நெருக்கம் ஏற்பட்டுத் தட்டு உராய்ந்து, பிறகு பற்றிக்கொள்கிறது.

இவ்வேலைக்குத் தக்க பொருளைத் தேட மனிதர் நெடுநாள் உழைத்தனர். தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் கூம்பு வடிவக் கிளட்சுக்குத் தோல் போர்த்தியிருந்தனர். அத்தோல் காய்ந்து முரடானால் விளக்கெண்ணெய் போன்ற எண்ணெய் தடவிப் பதப்படுத்துவர். எண்ணெய் மிகுந்து வழுக்கினால் ஒருவகைக் களிமண் தூளைத் தூவுவர். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரூட் என்பார் 1897ஆம் ஆண்டில் பிரேக்குக்கு உரிய உராய்வுப் பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார்; அவர் பெயரின் எழுத்துகளை மாற்றி அமைத்ததே பெரோடோ என்னும் பெயர். பின்னாளில் கல்நார் கலந்த தட்டுகள் நெடுங்காலம் வழங்கின. கல்நார்த் தூள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு என்று உறுதிப்பட்டபின், கண்ணாடி இழை, செயற்கை இழை, பிசின், உலோகத் தூள் முதலியன கலந்த தட்டுகள் வந்தன. பழைய வண்டியைத் திறக்கும் மெக்கானிக், உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதுவதையோ காற்றுக் குழாயால் அடிப்பதையோ கண்டால், அன்பர்கள் தடுத்து நிறுத்துங்கள். அது அவர் உயிருக்கும் உங்கள் உயிருக்கும் நல்லதன்று.

பழக்குவது ஏன்?

புதிய தோசைக்கல்லை வாங்கிய அன்றே எந்த வீட்டிலும் தோசை வார்ப்பதில்லை. தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, இளந்தீயில் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சிப் பழக்குகிறோம். இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்த பிறகே தோசை ஒட்டாமல் எழும்பும். பொறுமையின்றி முதல் நாளே பெருந்தீயில் வைத்தால் கல் கருகுமேயன்றிப் பழகாது. இதை நம் வீட்டுத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளட்ச் தட்டின் நிலையும் அத்தகையதே. கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றும் புதுத் தட்டும், கடைந்து எடுத்த பிளைவீலும், நுணுகிப் பார்த்தால் மேடு பள்ளம் உடையன. இரண்டையும் சேர்த்தால் மேடும் மேடுமே தொடுகின்றன. பரப்பின் பெரும்பகுதி தொடுவதில்லை. மெல்ல உராய உராய அம்மேடுகள் தேய்ந்து, தொடும் பரப்பு விரிகிறது. உராய்வுப் பொருளின் மெல்லிய படலம் ஒன்று பிளைவீலின் மேலும் பிரஷர் பிளேட்டின் மேலும் படிகிறது. தட்டிலுள்ள பிசினும் அளவான வெப்பம் பட்டுப் பட்டு முற்றுகிறது. இம்மூன்றும் நிகழ்ந்தபின் அந்தக் கிளட்ச் தன் முழு வலிமையை அடைகிறது.

முழு வலிமை என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரு கிளட்ச் தாங்கும் முறுக்கு விசை நான்கின் பெருக்கம்: உராய்வுக் கெழு, நெருக்கும் விசை, தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக, உராய்வுக் கெழு 0.3, நெருக்கும் விசை 5,000 நியூட்டன், ஆரம் 0.09 மீட்டர், முகங்கள் 2 எனக் கொண்டால், பெருக்கம் 270 நியூட்டன் மீட்டர். அவ்வண்டியின் எந்திரம் மிகுதியாகத் தருவது 200 என்றால், கிளட்சுக்குத் தாராளமாக மிச்சம் உண்டு. அதே தட்டு இன்னும் பழகாமல், உராய்வுக் கெழு 0.2 அளவிலேயே நிற்குமாயின் பெருக்கம் 180 மட்டுமே. அப்போது ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் எந்திரம் 200 தருகிறது. கிளட்ச் 180 தாங்குகிறது. பற்ற வேண்டிய தட்டு வழுக்குகிறது. வழுக்கினால் சூடு, மிகுந்த சூட்டில் பிசின் கசிந்து மேலே வந்து கண்ணாடி போல் இறுகுகிறது. அப்படி இறுகிய தட்டின் பிடிப்பு மேலும் குறைகிறது. குறைந்ததால் மேலும் வழுக்குகிறது. பிளைவீலிலும் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகள் விழுகின்றன. பழகாத நாள்களில் முழு வலிமையைக் கேட்கலாகாது என்று சொல்வது இதனால்தான்.

சூடு எவ்வளவு?

மற்றொரு கணக்கு இதைவிடப் பயனுடையது. சமதளச் சாலையில், எந்திரம் ஒரே வேகத்தில் சுழன்றிருக்க, நின்ற வண்டியைக் கிளட்சின் துணையால் புறப்படச் செய்கிறோம். தட்டு முழுதும் பற்றும் நொடியில் வண்டி எவ்வளவு இயக்க ஆற்றல் பெற்றிருக்குமோ, ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிவிட்டிருக்கும். எந்திரம் தந்ததில் பாதி வண்டிக்கு; பாதி சூட்டுக்கு.

ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள வண்டி, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் முழுப் பிடிப்பு அடைவதாகக் கொள்வோம். அப்போது கிளட்சில் பிறக்கும் வெப்பம் சுமார் 3,860 ஜூல். எந்திரத்தை இரட்டிப்பு வேகத்தில் அலறவிட்டு, மணிக்கு 20 கிலோமீட்டரில் பிடிப்பு முழுமையாகுமாறு புறப்பட்டால், வெப்பம் இரு மடங்கன்று, நான்கு மடங்கு: சுமார் 15,430 ஜூல்.

இதனைச் சமையலறைக் கணக்காக மாற்றுவோம். 30 பாகை வெப்பத்திலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,93,000 ஜூல் வேண்டும். அமைதியாகப் புறப்படும் ஓட்டுநரின் கிளட்சில் அவ்வளவு வெப்பம் சேர 76 புறப்பாடுகள் ஆகும். அலறவிட்டுப் புறப்படுபவருக்கு 19 போதும். நீரைவிட இரும்பு எளிதில் சூடேறும். ஒரே எடைக்கு ஒரே அளவு வெப்பம் தந்தால், இரும்பின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்பது மடங்கு உயரும். அதிலும் முதற்சூட்டைத் தாங்குவது உராயும் மேற்பரப்பே. கிளட்ச் இருப்பதோ காற்றோட்டம் குன்றிய மூடிய கூட்டுக்குள். பத்தொன்பது புறப்பாடு என்பது நம் நகரத்து நெரிசலில் அரை மணி நேரத்து வேலை என்பதை எண்ணிப் பாருங்கள்.

மேட்டில் இக்கணக்கு இன்னும் கடுமையாகும். எந்திரத்தின் வலிமையில் ஒரு பகுதி வண்டி பின்னோக்கிச் சரியாமல் பிடிப்பதிலேயே செலவாகிவிட, வண்டி வேகம் பெறுவது தாமதமாகிறது. அத்தாமதம் முழுதும் தட்டு உராய்ந்துகொண்டேயிருக்கிறது. இரயிலுக்கும் மேடு மேடுதான். 1863இல் திறக்கப்பட்ட போர் மலைப்பாதையில் ஏற்றம் 37க்கு 1. கர்ஜத்தில் பின்னால் துணை இஞ்சின்களைப் பூட்டித் தள்ளியே வண்டிகளை மேலேற்றுகின்றனர். காருக்குப் பின்னால் தள்ள யாரும் இல்லை. சுமை முழுவதையும் அந்த ஒரு தட்டே ஏற்க வேண்டும்.

ஓர் அன்பரின் பட்டறிவு

நம் சங்கத்து அன்பர் ஒருவர் சுற்றுலாக் கார் ஓட்டுபவர், நெல்லை மாவட்டத்துக்காரர். சில ஆண்டுகளுக்கு முன், தங்கையின் மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்துவது நம் முறை. புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில், கிளட்ச் வழுக்குகிறதென்று ஒரு பட்டறையில் புதியது போட்டுக்கொண்டார். நல்ல பொருள்தான், முழு விலை கொடுத்து வாங்கியதுதான். விடியற்காலையில் மனைவி, தாயார், இரு பிள்ளைகள், கூரையின்மேல் பெட்டிகள், சீர்வரிசைப் பாத்திரங்கள் ஆகியவற்றோடு கிளம்பினார்.

கோபோலியைத் தாண்டி மலையேறுகையில், முன்னே ஒரு லாரி பழுதாகி நிற்க, வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம், நிறைந்த சுமையுடன், மேட்டில், நின்று நின்று புறப்பட வேண்டியதாயிற்று. கைப்பிரேக் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. அரைக் கிளட்சிலேயே வண்டியை மேட்டில் தாங்கி நிறுத்தினார். முதலில் கருகிய வாசனை. பிறகு எந்திரம் அலறியும் வண்டி நகரவில்லை. லோனாவளாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, மறுநாள் திறந்து பார்த்தபோது, ஒரு நாள்கூட முழுதாக ஓடாத தட்டு கண்ணாடி போல் பளபளத்து, பிளைவீல் நீலம் பாய்ந்திருந்ததாம்.

இரண்டாம் முறை செலவு செய்ததை அவர் பொறுத்துக்கொண்டார். விழா நாளில் போய்ச் சேர முடியாததைத்தான் இன்றும் பேசுகிறார். அங்கே குறித்த வேளை தவறக்கூடாதென்று பெரியப்பா மகன் ஒருவர் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்திவிட்டனர். "எட்டு நூறு கிலோமீட்டர் பழக்கணும்னு ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் பஸ்ஸிலேயே போயிருப்பேனே" என்று அவர் சொன்னதே இக்கட்டுரைக்கு எனக்குத் தூண்டுகோல்.

கிலோமீட்டர் கணக்கும் புறப்பாட்டுக் கணக்கும்

வழக்கமான தட்டுகளுக்குக் கிளட்ச் செய்வோர் பெரும்பாலும் சொல்லும் அளவு 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர். சிலர் இதனைவிடக் குறைவாகவும், சில வகைத் தட்டுகளுக்கு மிகுதியாகவும் சொல்வர். உங்கள் கிளட்சின் பெட்டிக்குள் வைத்த தாளில் உள்ளதே உங்களுக்கு விதி. அத்தாளைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இந்த 800 கிலோமீட்டர் நகரத் தெருக்களில் நின்று நின்று ஓடும் 800 என்பதை மறத்தலாகாது. மும்பையிலிருந்து சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். "ஊருக்கு ஒரு முறை போய்ச் சேர்ந்தாலே கிளட்ச் பழகிவிடும்" என்று எண்ணுவோர் உளர். நெடுஞ்சாலையில் மேல் கியரில் ஓடுகையில் தட்டும் பிளைவீலும் ஒன்றாகவே சுழல்கின்றன, உராய்வே இல்லை. உராயாதது பழகுவதெப்படி? நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்குப் பத்துப் புறப்பாடு இருக்கலாம்; சயானிலிருந்து அந்தேரிக்குச் சிக்னல் சிக்னலாகச் சென்றால் ஒரே காலையில் அதனைவிடப் பலமடங்கு இருக்கும். பழக்கத்துக்கு வேண்டியது தொலைவு மட்டும் அன்று. அமைதியான பல புறப்பாடுகளும், அவற்றினிடையே ஆறுவதற்கு நேரமுமேயாகும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பழக்கம் ஓட்டுநர் கையில் தொடங்குவதன்று, பட்டறையிலேயே தொடங்குவது. வண்டியைத் திறந்திருக்கும் வேளையில் பின்வருவனவற்றைப் பணிவுடன் கேட்டறியுங்கள்.

பிளைவீலின் முகத்தில் தழும்போ வெடிப்போ பள்ளமோ இருந்தால் அதனைக் கடைந்தோ மாற்றியோ தருகிறார்களா? பழைய தழும்பின் மேல் புதுத் தட்டு பழகாது, உதறும்.

கிராங்க் ஷாப்டின் பின்புற ஆயில் சீல் கசிகிறதா? தோசைக்கல்லுக்கு எண்ணெய் உறவு. கிளட்சுக்கு அஃது பகை. ஒரு துளி எண்ணெய் பட்டாலும் தட்டு கெடும். புதிய பிரஷர் பிளேட்டின் மேல் துருப்பிடிக்காமலிருக்கத் தடவியிருக்கும் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். கிரீஸ் படிந்த கையால் தட்டின் முகத்தைத் தொடுதல் கூடாது.

ரிலீஸ் பேரிங்கையும் உடன் மாற்றுகிறார்களா? அதன் விலை குறைவு. ஆனால் அது மட்டும் பின்னர்க் கெட்டால், கியர் பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி முழுதும் கொடுக்க நேரும்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குகிறார்களா? ஒருபுறத்தை முதலில் முழுதும் இறுக்கினால் தட்டு கோணும்.

கேபிள் உள்ள வண்டியில் பெடலின் தளர்வு கையேட்டின்படி இருக்கிறதா? தளர்வே இல்லையெனில், காலை எடுத்த பின்னும் தட்டு முழுதும் நெருக்கப்படாமல் வழுக்கும்.

கழற்றிய பழைய தட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சமமாகத் தேய்ந்திருந்தால் வயது முடிந்து போனது. கருகிப் பளபளத்தால் கால் செய்த வேலை. எண்ணெய் படிந்திருந்தால் சீல் செய்த வேலை. காரணத்தை அறியாமல் தட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

ஓட்டும் முறை

இனி ஓட்டுநர் செய்ய வேண்டுவன.

முதல் கியரிலேயே புறப்படுக. எந்திரம் அணையாத அளவுக்கு மட்டும் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பெடலைத் தடையின்றி ஒரே சீராக விடுக. படீரென விடுதலும் தவறு; பாதியில் பிடித்துக்கொண்டே நெடுநேரம் நகர்தலும் தவறு.

பற்றியபின் காலைப் பெடலின் மேல் ஓய்வாக வைத்திருக்க வேண்டா. அதற்கென இடப்புறம் இடம் உண்டு.

மேட்டில் நிற்கையில் கைப்பிரேக்கைப் போடுக. புறப்படும்போது கிளட்ச் பற்றத் தொடங்குவதைக் காலில் உணர்ந்த பிறகு கைப்பிரேக்கை விடுக. நம் அன்பருக்கு நேர்ந்ததில் பாதி இந்த ஒரு பழக்கத்தால் தடுக்கப்பட்டிருக்கும்.

ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டா. குறிப்பாக, மேல் கியரில் மெதுவாகப் போகையில் கியரை இறக்காமல் முழுதும் மிதித்தல் கூடாது. ஓசையின்றி நடப்பதால் இதைப் பலர் தவறென்றே கருதுவதில்லை. வழுக்குவதற்கு மிகவும் இடம் தருவது இதுவே.

பிற வண்டியைக் கட்டி இழுத்தல், நிறைந்த சுமையுடன் மலையேறுதல், நீண்ட நெரிசல் ஆகியவற்றை அந்நாள்களில் இயன்றவரை தவிர்க்க. நெரிசலில் சிக்கினால், முன் வண்டி நகர நகர நாமும் அரையடி அரையடியாக நகராமல், நாலைந்து வண்டி இடைவெளி விழும்வரை பொறுத்திருந்து ஒரே புறப்பாடாகப் போகலாம். பின்னால் ஒலிப்பான் அடிப்பவர் உங்கள் கிளட்சுக்குப் பணம் தரப்போவதில்லை.

முதல் சில நாள்களில் மெல்லிய வாசனையும், புறப்படுகையில் சிறு உதறலும், பற்றும் இடம் சற்றே மாறுவதும் இயல்பு. கடுங்கருகல் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுக. பழக்கம் முடிந்தபின்னும் உதறல் நீங்காவிட்டால் பட்டறைக்குச் செல்க.

பழகியதா என்று அறிய, ஆளற்ற சமதளச் சாலையில் மேல் கியரில் மிதமான வேகத்தில் சென்று ஆக்சிலரேட்டரைச் சற்று நன்றாக மிதித்துப் பார்க்கலாம். எந்திரத்தின் சுற்றும் வண்டியின் வேகமும் ஒன்றாக ஏறினால் நலம். சுற்று மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் தட்டு வழுக்குகிறது என்று பொருள்.

இளைஞர்க்கு ஒரு சொல்

நம் பிள்ளைகளில் சிலர் காரின் எந்திரத்தை முடுக்கி, மிகுந்த வலிமை தாங்கும் பந்தய வகைக் கிளட்ச் போட விரும்புகின்றனர். "இது வலிமையான கிளட்ச், இதற்கென்ன பழக்கம்?" என்பது அவர்கள் வாதம். உண்மை இதற்கு நேர்மாறு. மேலே கண்ட கணக்கின்படி, வலிமையைக் கூட்ட நெருக்கும் விசையை உயர்த்துவர். அல்லது பீங்கான் கலந்த உலோகத் துண்டுகள், செயற்கை இழை முதலியவற்றைத் தட்டில் வைப்பர். உலோகத் துண்டு வகை சூட்டைத் தாங்கும். ஆனால் திடீரெனக் கவ்வும், நகர நெரிசலில் வண்டி குதிக்கும். கெவ்லார் என்னும் இழை வகை மென்மையாகப் பற்றும், நெடுநாள் உழைக்கும். ஆனால் அதற்கே பழக்கும் தொலைவு மிகுதி, பழகாத நாள்களில் அடங்காத சூட்டை அது மன்னிப்பதில்லை. வலிமை மிகுந்த எந்திரத்தோடு பூட்டியிருப்பதால், ஒரே ஒரு முழு மிதியில் பிறக்கும் வெப்பமும் மிகுதி. பொருத்திய அன்றே நண்பர்க்குக் காட்ட எந்திரத்தை அலறவிட்டுப் பாய்பவர், வாங்கிய வலிமையை அன்றே எரித்துவிடுகிறார். அன்றாடம் அலுவலகத்துக்கும் கடைக்கும் போகும் வண்டிக்குத் தொழிற்சாலை கொடுத்த வகைத் தட்டே போதுமானது.

பெடல் இல்லாத, தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. கார்கள் நம் நாட்டில் 2014 முதல் பெருகிவருகின்றன. அவற்றில் கிளட்ச் இல்லை என்று எண்ணிவிட வேண்டா. அதே தட்டு உள்ளேயிருக்கிறது; காலுக்குப் பதில் கருவி ஒன்று இயக்குகிறது. அவற்றில் புதுக் கிளட்ச் போட்டால், பற்றும் இடத்தை அக்கருவி கற்றுக்கொள்ளுமாறு பட்டறையில் கணினி கொண்டு பயிற்ற வேண்டும். அதனைச் செய்தார்களா என்று கேளுங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் அவற்றுக்கும் கேடு.

நாள் குறிக்கும் முறை

இறுதியாக, எப்போது மாற்றுவது என்னும் கேள்வி. 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே திறக்கிறது. அந்த அறுபது நாளையே காருக்கும் அளவாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. ஊருக்குப் போகும் நாளிலிருந்து அறுபது நாள் பின்னோக்கி எண்ணி, அன்று கிளட்சைச் சோதித்துப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்குமாக ஓடினாலும், அறுபது நாளில் 900 ஆகிவிடும். தனி முயற்சி ஏதுமின்றிக் கிளட்ச் பழகிவிடும். நீங்கள் அச்சமின்றி மலையேறலாம்.

அறுபது நாள் கழிந்துபோய், புறப்படும் வாரத்தில்தான் கிளட்ச் கெட்டதென்றால் என்ன செய்வது? மாற்றிக்கொண்டு, வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, இரயிலிலோ பேருந்திலோ போய் வாருங்கள். இரயில்வே ஊழியன் தன் வண்டிக்கு ஆள் சேர்க்கிறான் என்று நகைக்க வேண்டா. சீட்டுக் கிடைக்காமல் காரிலேயே போக நேர்ந்தால், சுமையைக் குறைத்து, நெரிசலில்லாத பின்னிரவிலோ விடியற்காலையிலோ மலையைக் கடந்து, மேட்டில் கைப்பிரேக்கை மறவாமல் செல்லுங்கள். வாடகைக்கு ஓட்டும் அன்பர்களுக்கு வண்டியை நிறுத்தி வைப்பது இயலாது என்பதை அறிவேன். அவர்கள் முதல் மூன்று நான்கு வாரம் நகரத்துக்குள் கிடைக்கும் சவாரிகளை ஏற்று, மலைவழிச் சவாரிகளை உடன் தொழில் செய்யும் நண்பருக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நம் சங்கத்து ஓட்டுநர்களுக்குள் இத்தகைய கொடுக்கல் வாங்கல் முன்னரே உண்டு. அதனை இதற்கும் பயன்படுத்துக.

 அடுத்த திங்கள், கோடைப் பயணத்தில் எந்திரம் கொதிக்காமல் காக்கும் கூலண்ட் பற்றியும், ரேடியேட்டரில் வெறும் குழாய் நீர் ஊற்றுவதால் வரும் கேடு பற்றியும் எழுத எண்ணியுள்ளேன். அதுபற்றி ஐயமுள்ளோர் இம்மாத இறுதிக்குள் சங்க முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள்.